புதுசா லாரி ஏறுறவங்களுக்கு: கேபின் சுத்தம், நடுரோட்டுல வண்டி நின்னா என்ன பண்ணணும்

மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கம் புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வண்டி ஏறுற தம்பிகளுக்காக இதை எழுதுறேன். ஓட்டுறதுக்கு எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க, வண்டி நின்னுட்டா என்ன பண்ணணும்னு யாரும் உக்கார வச்சு சொல்லித் தர்றதில்ல. தச்சூர் தாண்டி ராத்திரி நேரத்துல பிரேக்குக்குப் போற ஏர் பைப் வெடிச்சு நின்னப்ப எனக்கும் ஆள் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பேப்பர் எங்க இருக்குன்னு தேடவே நேரம் போச்சு, யாரும் கூப்பிடாமலே ஒரு கிரேன் வந்து கொக்கிய மாட்டிட்டு அப்புறம் ரேட் சொன்னான். அந்த மாதிரி நீங்க படக் கூடாது.

கேபின் சுத்தத்தையும் பிரேக்டவுனையும் ஒண்ணா எழுதுறதுக்கு காரணம் இருக்கு. வண்டி நிக்குறது சில சமயம் கேபின் குப்பையில இருந்துதான் ஆரம்பிக்குது, நின்னதுக்கு அப்புறம் நீங்க குடியிருக்கப் போறதும் அதே கேபின்லதான்.

1. வண்டிய கையில வாங்குறப்பவே கேபினை காலி பண்ணுங்க

பழைய டிரைவர்கிட்ட இருந்து வண்டி மாறும்போது ஓனர்கிட்ட அரை நாள் கேளுங்க, கெஞ்ச வேண்டாம், நேரா கேளுங்க. சீட்டுக்கு அடியில, பெர்த்துக்கு அடியில, டேஷ்போர்டு மேல இருக்கிற எல்லாத்தையும் கீழ இறக்குங்க. காலி தண்ணி பாட்டில், பழைய பில், எண்ணெய் துணி, ஒத்தச் செருப்பு, காஞ்சு போன எலுமிச்சம்பழம்னு மூட்டை மூட்டையா வரும்.

முதல்ல பெடல் பக்கத்தை பாருங்க. உருளுற எந்தப் பொருளும் டிரைவர் சீட் பக்கம் இருக்கக் கூடாது, ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு பிரேக் பெடலுக்கு அடியில போய் நின்னா எவ்வளவு மிதிச்சாலும் பெடல் கீழ போகாது. தரையில விரிச்ச மேட் நகர்ந்து ஆக்ஸிலேட்டர்ல சிக்குதான்னு கையால இழுத்து பாருங்க. சாக்கு, பழைய கார்ப்பெட் எல்லாம் வெட்டிப் போட்டிருந்தா எடுத்து தூரப் போடுங்க.

அடுத்தது சாப்பாடு. பரோட்டா பார்சல் சுத்துன பேப்பரும் சோத்துப் பருக்கையும் இருந்தா எலி வரும், அதுவும் அரிசி, மாவு, தீவனம் ஏத்துற வண்டின்னா கேக்கவே வேணாம். எலி சோறு மட்டும் தின்னுட்டுப் போறதில்ல, வயரையும் கடிக்கும். பழைய வண்டியில லைட் எரியாது, அதோட போச்சு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதுப் புகை விதி) வண்டியில எல்லாமே சென்சார், ஒரு வயர் கட்டானா போதும், மீட்டர்ல செக் லைட் எரியும், பிக்கப் போயிடும், மேடு ஏறாது. பார்க்கிங்ல நாலு நாள் நின்ன வண்டிய எடுக்குறப்ப கேபினை தூக்கி வயர் ஹார்னெஸ ஒரு தடவை டார்ச் அடிச்சு பாத்துட்டு கிளம்புங்க.

வாசனை விஷயமும் முக்கியம். கேபின் நாறுதுன்னு ஊதுபத்தி, ஜவ்வாது, சென்ட் பாட்டில்னு அடுக்கிடுறாங்க. அப்புறம் வயர் கருகுற வாடை, கிளட்ச் பிளேட் எரியிற வாடை, டீசல் கசியிற வாடை எதுவுமே மூக்குக்கு வராது. சாமி படம் வைங்க, பூ போடுங்க, ஆனா பத்தியையும் கற்பூரத்தையும் கீழ இறங்கி பம்பர்கிட்ட கொளுத்துங்க. டீசல் கேன், ஆட்பிளூ (பிஎஸ்6 வண்டியோட புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற திரவம்) கேன், கிரீஸ் டப்பா எதையும் கேபின் உள்ள வைக்காதீங்க. ஆட்பிளூ சிந்துனா காஞ்சு வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துடும், உலோகத்தையும் வயர் கனெக்டரையும் அரிச்சிடும், ஈரத்துணியால உடனே துடைக்கணும்.

படுக்கைக்கு ரெக்சின் உறை போட்ட மெத்தைதான் லாயக்கு, அதுமேல ஒரு பருத்தி பெட்ஷீட், ரெண்டு செட் இருந்தா மாத்தி மாத்தி துவைக்கலாம். நம்ம ஊரு வேர்வைக்கு பஞ்சு மெத்தை ஒரே மாசத்துல நாத்தம் எடுத்துடும், மூட்டைப்பூச்சி வந்துட்டா ராத்திரி தூக்கம் போச்சு, தூக்கம் போனா மறுநாள் ஸ்டீயரிங்ல கண்ணு சொருகும். அன்லோடுக்கு காத்திருக்குற நேரத்துல மெத்தையைத் தூக்கி வெயில்ல போடுங்க. கார்த்திகை மழை நேரத்துல மணலி, எண்ணூர் பக்கம் தண்ணி தேங்குன ரோட்டுல போயிட்டு வந்தா கேபின் தரை மேட்டையும் தூக்கி காய வைங்க, அடியில துரு பிடிக்கும்.

2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகுற நடுத்தர, கனரக லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம் ஆயிடுச்சு. அப்படி வண்டி கிடைச்சா சந்தோஷம், ஆனா ஏசி ஃபில்டரை தட்டி சுத்தம் பண்ணலன்னா தூசியும் பூஞ்சையும் மூஞ்சியில அடிக்கும். மூடுன ஷெட்டுக்குள்ள, சுவர் ஓரமா நிறுத்தி இன்ஜினை ஓட விட்டு தூங்காதீங்க, புகை உள்ள வந்தா தூக்கத்துலயே உயிர் போயிடும். கேபினுக்குள்ள ஸ்டவ் பத்த வைக்கறதும் அதே மாதிரிதான், வேண்டவே வேண்டாம்.

தண்ணி குடிக்காம ஓட்டுறது நிறைய பேர் பண்றது, ஒண்ணுக்கு போக எடம் இல்லன்னு. கடைசியில கிட்னியில கல்லுதான். பெட்ரோல் பங்க்ல டாய்லெட், குடிதண்ணி, காத்து மூணும் வச்சிருக்கணும், இலவசமா தரணும், டீசல் போட்டாதான் தருவேன்னு சொன்னா அங்க இருக்கிற புகார் புக்கை கேளுங்க.

2. பேப்பர் பை: ஒரே எடம், ஒரே பை

ஜிப் வச்ச பிளாஸ்டிக் பை ஒண்ணு, டிரைவர் சைடு கதவுலயோ சன் வைசர் மேலயோ, எப்பவும் ஒரே எடத்துல. கிளீனருக்கும் அந்த எடம் தெரியணும். உள்ள இருக்க வேண்டியது: ஆர்சி, எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், டேக்ஸ் ரசீது, பொல்யூஷன் சர்டிபிகேட், உங்க லைசென்ஸ், அப்புறம் அந்த லோடுக்கான இன்வாய்ஸ், எல்ஆர் (லாரி ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கான ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு).

தேதிகளை ஒரு அட்டையில எழுதி பை மேலயே ஒட்டிடுங்க. எஃப்சி வண்டிக்கு 8 வருஷம் ஆகுற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரென்யூ பண்ணணும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிக்கு பொல்யூஷன் 1 வருஷம். இதுல ஒண்ணு முடிஞ்சிருந்தாலும் சாதாரண பிரேக்டவுன்ல தப்பிச்சிடலாம், ஆனா பின்னாடி யாராவது வந்து மோதிட்டா இன்சூரன்ஸ் கம்பெனி அந்த தேதியதான் முதல்ல பாக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. டிஜிலாக்கர்லயோ எம்பரிவாகன் ஆப்லயோ இருக்கிற ஆர்சி, லைசென்ஸ் ஒரிஜினலுக்கு சமம், 2018லயே சட்டம் வந்துடுச்சு. ஆனா ஓனர் வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோ அந்தக் கணக்குல வராது. போன்ல சார்ஜ் இல்லன்னா டிஜிலாக்கரும் இல்ல, அதனால ஒரு ஜெராக்ஸ் செட்டும் இருக்கட்டும்.

டேங்கர் எடுக்குறவங்களுக்கு தனியா: ஆபத்தான சரக்கு ஏத்துறதுக்கு லைசென்ஸ்ல தனி அனுமதி வேணும், அந்தப் பொருளுக்கான ட்ரெம் கார்டு (கசிஞ்சா, தீப்பிடிச்சா என்ன பண்ணணும்னு எழுதியிருக்கிற அட்டை) கேபின்ல இருக்கணும், அதைப் படிச்சுப் பாத்துட்டுதான் வண்டிய எடுக்கணும்.

3. பெட்டியில என்ன இருக்கணும், யார் காசு

சிவப்பு முக்கோண ரிஃப்ளெக்டர் ரெண்டு (ஒண்ணு சட்டத்துக்கு, இன்னொண்ணு வளைவுக்கு), ஒளிரும் ஜாக்கெட் ரெண்டு, சார்ஜ் டார்ச், வீலுக்கு அண்டக் கொடுக்க மரக்கட்டை நாலு, ஜாக்கி, அது கீழ வைக்க பலகை, வீல் ஸ்பேனர், அதுக்கு நீட்டுப் பைப், ஃபேன் பெல்ட், ஏர் ஹோஸ் ஒரு துண்டு கிளாம்போட, ஃபியூஸ், பல்பு, இன்சுலேஷன் டேப், டீசல் ஃபில்டர் ஒண்ணு, கையுறை, 5 லிட்டர் தண்ணி கேன் ரேடியேட்டருக்குன்னு தனியா. இதெல்லாம் ஓனர் வாங்கித் தரணும். முக்கோணம், ஜாக்கெட் எல்லாம் சில நூறு ரூபாதான், அதுக்கும் ஓனர் இழுத்தடிச்சா உங்க காசுலயாவது வாங்கிடுங்க, ஏன்னா ரோட்டுல நிக்குறது உங்க உடம்பு.

ஸ்டெப்னி டயர்ல காத்து இருக்கான்னு லோடு ஏத்துறதுக்கு முன்னாடி பாருங்க. பழைய ஜெனுவின் பார்ட்ஸ் தேவைப்பட்டா புதுப்பேட்டை, புதுசுன்னா ஜி.பி. ரோடு, ரெண்டும் பகல் வேலைதான், ராத்திரி ஒரு வாஷர் கூட கிடைக்காது. அதனால மலிவான சாமான் எல்லாம் முன்கூட்டியே பெட்டியில இருக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ரெண்டு விஷயம் வாயால பேசிடுங்க: வண்டி நின்னா நாளுக்கு எவ்வளவு பேட்டா, ரிப்பேர் காசு எவ்வளவு வரைக்கும் கேக்காம குடுக்கலாம். இதைப் பேசாம கிளம்பினா ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் போன் எடுக்க மாட்டார்.

4. வண்டி தடுமாறுதா? முதல் பத்து நிமிஷம்

சத்தம் மாறுது, ஏர் மீட்டர் இறங்குது, சூடு முள்ளு ஏறுதுன்னா அடுத்த ஊரு வரைக்கும் தள்ளிப் பாக்கலாம்னு நினைக்காதீங்க. ஏர் இறங்கிட்டே போனா பின் பிரேக் தானா பிடிச்சு வண்டி நடு லேன்லயே நின்னுடும், அப்புறம் ஒரு அடி நகராது. ஓடுற வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு போயிடுங்க. மேம்பாலம் மேல, வளைவுல, சர்வீஸ் ரோடு வந்து சேர்ற எடத்துல நிறுத்தாதீங்க. மதுரவாயல் பைபாஸ், வண்டலூர் மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு ரெண்டுலயும் வண்டிங்க வேகமா வரும், ராத்திரியில நிக்கிற லாரி பின்னாடி கார் போய் சொருகுறதுதான் அங்க பயம்.

நிறுத்தின உடனே நாலு இண்டிகேட்டரும் போடுங்க, ஹேண்ட் பிரேக், வீலுக்கு கட்டை. ஜாக்கெட் போட்டுக்கிட்டு இடது பக்கமா இறங்குங்க. முக்கோணத்தை வண்டிக்கு பின்னாடி குறைஞ்சது 50 மீட்டர் தள்ளி வைங்க, பைபாஸ்ல 100 மீட்டர். நிறைய பேர் பத்தடியில வச்சுட்டு வந்துடுறாங்க. 80ல வர்ற கார் செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும், பத்தடியில இருக்கிறதை அவன் பாக்குறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்.

கல்லையும் மரக்கிளையையும் ரோட்டுல வைக்கிற பழக்கத்தை தயவு செஞ்சு விட்டுடுங்க. வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுட்டுக் கிளம்பிடுறாங்க, அதுல பைக்ல வர்றவன் விழுந்து சாகுறான், குடும்பஸ்தன், வேலை முடிச்சு வீட்டுக்குப் போறவன். முக்கோணமே இல்லாத நேரத்துல வேற வழியில்லாம வச்சிருந்தாலும், கிளம்புறதுக்கு முன்னாடி கிளீனரை அனுப்பி ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா போட வைங்க.

அப்புறம்தான் என்ன கோளாறுன்னு பாக்குறது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. காமன் ரயில் (அதிக அழுத்தத்துல டீசல் பாய்ச்சுற) இன்ஜின் ஓடிட்டு இருக்கிறப்ப ஹை பிரஷர் பைப்பை லூஸ் பண்ணாதீங்க, அந்த அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல, தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிடும். லாக் ரிங் (டயரை ரிம்முல பிடிச்சு நிறுத்துற இரும்பு வளையம்) வச்ச டயருக்கு காத்து அடிக்கும்போது அதுக்கு நேரா நிக்காதீங்க. வெறும் ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில படுக்காதீங்க, கட்டை அண்டக் குடுத்துட்டு படுங்க. பிஎஸ்6 வண்டியில டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) சுத்தம் பண்ணச் சொல்லி லைட் எரிஞ்சு நிறுத்தி பண்றீங்கன்னா காஞ்ச புல்லு, வைக்கோல் மேல நிறுத்தாதீங்க, சைலன்சர் சூடு தீப்பிடிக்க வச்சிடும்.

5. யாருக்கு போன் பண்றது

தேசிய நெடுஞ்சாலைன்னா 1033, இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூணுக்கும் இந்த நம்பர்தான். நல்லூர், சூரப்பட்டு, வானகரம், பரனூர்னு எந்த டோல்கேட் பக்கம் நிக்கிறீங்கன்னு சொல்லுங்க, எந்தப் பக்கம் போற ரோடுன்னு சொல்லுங்க, பக்கத்துல இருக்கிற கிலோமீட்டர் கல்லு நம்பரை சொல்லுங்க. "ஒரு தாபா பக்கத்துல" ன்னு சொன்னா அவங்களால வர முடியாது. அடிபட்டா 108, திருட்டு, மிரட்டல்னா 112. சிட்டிக்குள்ளயோ மாநில ரோட்டுலயோ நின்னா 1033ஐ நம்பி உக்காராதீங்க, போலீஸுக்கு சொல்லிடுங்க. போக்குவரத்தை அடைச்சுட்டு நிக்கிற வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 201வது பிரிவுல 500 ரூபா வரைக்கும் அபராதம் உண்டு, நீங்களே முந்திக்கிட்டு சொல்லிட்டா பெரும்பாலும் ஓரங்கட்டத்தான் உதவி பண்ணுவாங்க.

வண்டி வாரண்டியில இருந்தா கம்பெனி ரோட்சைடு நம்பர் கதவுலயோ கண்ணாடியிலயோ ஸ்டிக்கரா இருக்கும். அவங்ககிட்ட சேசிஸ் நம்பர் கேப்பாங்க, ஆர்சிய கையில வச்சுட்டு போன் பண்ணுங்க. வாரண்டி வண்டியில வெளி மெக்கானிக் கை வச்சா அப்புறம் கிளெய்ம்ல தகராறு பண்ணுவாங்க, முதல்ல ஓனரைக் கேளுங்க.

6. கிரேன், மெக்கானிக், ரேட்

கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடி ரேட். இது ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. ராத்திரியில நாலு இலக்கத்துலயும் கேப்பாங்க, அஞ்சு இலக்கத்துலயும் கேப்பாங்க, லோடு வண்டின்னா இன்னும் ஏத்துவாங்க. எங்க இருந்து எங்க வரைக்கும், வெயிட்டிங் சேர்த்தா சேர்க்காமயா, ஜிஎஸ்டி உண்டா, எல்லாத்தையும் ஓனரை போன்ல கூப்பிட்டு ஸ்பீக்கர் போட்டு பேச வைங்க, முடிஞ்சா வாட்ஸ்அப்ல ஒரு வரி மெசேஜா வாங்கிடுங்க.

கட்டி இழுக்கும்போது ஜாயிண்ட் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற தண்டு) கழட்டச் சொல்லுங்க, இல்லன்னா கியர்பாக்ஸ் உள்ள ஆயில் சுத்தாம தேஞ்சு போயிடும், அப்ப கிரேன் காசை விட கியர்பாக்ஸ் காசு பெருசா வரும். ஏர் இல்லாத வண்டியில பின் பிரேக்கை போல்ட் போட்டு ரிலீஸ் பண்ணணும், அதுக்கு முன்னாடி வீலுக்கு கட்டை கண்டிப்பா, ரிலீஸ் ஆன அடுத்த செகண்டே வண்டி உருளும்.

மெக்கானிக் மாத்துன பழைய பார்ட்டை வாங்கி வச்சுக்கோங்க, புதுசோட பில்லையும். பில் தர மாட்டான்னா போட்டோ எடுத்துக்கோங்க, ஜிபேயில காசு அனுப்புறப்ப என்ன வேலைன்னு எழுதி அனுப்புங்க. ஓனர்கிட்ட கணக்கு காட்டும்போது வாய்ச்சொல் எடுபடாது.

இன்சூரன்ஸ்ல வரும்னு நினைக்காதீங்க. சும்மா பழுதாகி நின்னா வராது. விபத்துன்னாதான் வரும், அதுலயும் லாரியை ஒர்க் ஷாப்புக்கு இழுத்துட்டுப் போற செலவுக்கு சாதாரண பாலிசியில 2,500 ரூபாதான் உச்சம். டயர், லைட், மட்கார்டு மட்டும் சேதமானா ஐஎம்டி 23ன்னு ஒரு கூடுதல் கவர் பாலிசியில சேர்த்திருக்கணும். இன்னொண்ணு பாலிசியிலயே எழுதியிருக்கு: பழுதான வண்டிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம விட்டுட்டுப் போகக் கூடாது, சரி பண்ணாம ஓட்டி சேதம் அதிகமானா அது நம்ம பொறுப்பு. "மெதுவா ஓட்டிட்டு வந்துடுப்பா" ன்னு ஓனர் சொன்னா இதை எடுத்து சொல்லுங்க.

7. இ-வே பில் கடிகாரம் ஓடிட்டே இருக்கும்

வண்டி நின்னாலும் இது நிக்காது. சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பெங்களூர் லோடு சுமார் 350 கிலோமீட்டர்னு வைங்க, ரெண்டு நாள். திங்கக்கிழமை மத்தியானம் பில் போட்டா முதல் நாள் செவ்வாய் நடுராத்திரி முடியும், ரெண்டாவது புதன் நடுராத்திரி. முடியுறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியும் 8 மணி நேரம் பின்னாடியும்தான் நீட்டிக்க முடியும், அதாவது புதன் சாயங்காலம் 4ல இருந்து வியாழன் காலை 8 வரைக்கும். அதைத் தாண்டிட்டா அதே பில்லை நீட்ட முடியாது. காலாவதியான பில்லோட பிடிபட்டா வரிக்கு ரெண்டு மடங்கு அபராதம் கட்டச் சொல்லலாம், வண்டியும் அங்கயே நிக்கும்.

நீட்டிக்கிறது உங்க வேலை இல்ல, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேலை. ஆனா அவங்களுக்கு நீங்க நிக்கிற எடத்தோட பின்கோடும் மிச்ச தூரமும் வேணும், வண்டி நின்ன போட்டோவோட அதை அனுப்பிடுங்க. லோடை வேற வண்டிக்கு மாத்துனா இ-வே பில்லோட பார்ட் பி-யில (வண்டி விவரம் இருக்கிற பகுதி) புது வண்டி நம்பர் ஏறினதுக்கு அப்புறம்தான் அந்த வண்டி நகரணும். சிட்டிக்குள்ள லோடுன்னா கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கு, அந்த நேரம் தாண்டிட்டா மாதவரம் லாரி நிலையம் மாதிரி எடத்துல நிறுத்திட்டு அடுத்த நேரத்துக்கு உள்ள போங்க.

8. ராத்திரி அங்கயே தங்கணும்னா

வண்டிக்கு அடியில, முன்னாடி, பின்னாடி எங்கயும் படுக்காதீங்க, எவ்வளவு புழுக்கமா இருந்தாலும். ரோட்டுல இருந்து தள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருங்க, இல்லன்னா கேபின். டீசல் டேங்க் மூடி, பேட்டரி பெட்டி பூட்டு, தார்பாய் கயிறு மூணையும் ஒரு சுத்து பாத்துட்டு கதவைப் பூட்டுங்க. நாலு இண்டிகேட்டரும் ராத்திரி முழுக்க எரிஞ்சா பேட்டரி இறங்கும், அதான் முக்கோணமும் பின்னாடி ஒட்டுன ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் சேறு இல்லாம இருக்கணும், துணியால துடைச்சு விடுங்க. கேபின் சுத்தமா இருந்தா இந்த மாதிரி ராத்திரி ஒரு மனுஷன் தூங்கி எந்திரிச்ச மாதிரி எந்திரிக்கலாம்.

9. கிளம்புறதுக்கு முன்னாடி

ஏர் முழுசா ஏறுற வரைக்கும் நில்லுங்க. முக்கோணம், கட்டை, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் பெட்டிக்குள்ள போச்சான்னு எண்ணுங்க, எண்ணெய் துணியை கேபின்ல போடாம ஒரு கவர்ல கட்டி அடுத்த பங்க்ல குப்பையில போடுங்க. டயர் மாத்தியிருந்தா 50 கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி வீல் நட்டை மறுபடி டைட் வைங்க, புதுசா மாட்டுனது கொஞ்சம் இளகியிருக்கலாம். பஞ்சரான டயரை அடுத்து கண்ணுல படுற கடையிலயே போட்டுடுங்க, ஸ்டெப்னி இல்லாம ஆந்திரா பார்டர் தாண்டாதீங்க.